ஆறு கோடு போட்டு அடித்த மொட்டை

போன வருடம் மார்ச் மாதம். ஆந்திராவில், பாகாலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து என் ஒரே மகள் பத்தாம் வகுப்பு பப்ளிக் பரீட்சை எழுதப் போய்வந்துகொண்டிருந்தாள். பரீட்சை அவளுக்கு. பயம் எனக்கு.

நான் கடை வைத்து, எரிந்துபோன கரண்ட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டதால் அந்தப் பரீட்சையை நேரில் பார்த்ததே இல்லை. அதனாலேயே அதைப் பற்றி நிறையப் பேசுவேன். கடைக்கு வருகிறவர்களை உட்காரவைத்து, "பத்தாவது பரீட்சைன்னா லேசுப்பட்டது இல்ல" என்று விளக்கம் கொடுப்பேன். வீட்டில் டிவி ஒயரைப் பிடுங்கி ஒளித்துவைத்தேன். குக்கர் விசிலில் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்று சொல்லி, மனைவியைப் பானையில் சோறு வடிக்கவைத்தேன். மகள் மட்டும் வழக்கம்போலச் சாப்பிட்டாள், படித்தாள், நன்றாகத் தூங்கினாள். அவள் தூங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தூக்கம் போனது.

யாருக்கும் சொல்லாமல் ஒரு வேண்டுதல் வைத்தேன். எல்லாப் பரீட்சையையும் பிள்ளை நல்லபடியாக எழுதி முடித்தால், முடித்த கையோடு திருமலைக்கு வந்து முடி கொடுக்கிறேன் பெருமாளே என்று.

தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ், சோஷியல். பாடம் ஆறு, ஆகவே பரீட்சையும் ஆறு. இது என் கணக்கு. அவள் பரீட்சை அட்டையோடு கிளம்பும் நாளில் பைக்கில் கூட்டிப்போய் சென்டர் வாசலில் விட்டுவிட்டு, கடைச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். இன்றைக்கு என்ன பரீட்சை என்று ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் பதறிவிடுவாளாம். ஆறாவது கோடு விழுந்ததும் எனக்குப் பாரம் இறங்கியது.

ஒருநாள் விட்டு மறுநாள், வீட்டில் இருவரும் எழுந்திருப்பதற்கு முன்பே கிளம்பினேன். பைக்கை பாகாலா பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டு திருப்பதி பஸ் பிடித்தேன். ஏழரை மணிக்கெல்லாம் மலைமேல் மொட்டையடித்து, சந்தனம் பூசி முடித்தாயிற்று. முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று தலையை விதவிதமாகப் போட்டோ எடுத்து, நல்லதாக ஒன்றை மனைவிக்கு அனுப்பினேன்.

அடுத்த நிமிடம் போன் வந்தது.

"யோவ், இன்னாயா இது? மொட்ட அடிச்சிக்கினு நிக்கிற! பொண்ண யாரு பரீட்சைக்கு இட்டுக்கினு போறது?"

"எந்தப் பரீட்சைக்கு? அதான் முடிஞ்சிபோச்சே!"

"இன்னிக்கி சோஷியலு! அது அட்டைய வச்சிக்கினு வாசல்ல நிக்குது. நீ டீ குடிக்கப் போயிருக்கேன்னு நாங்க காத்துக்கினு..."

போன் அணைந்துவிட்டது. இருந்த சார்ஜையெல்லாம் என் தலையே தின்றுவிட்டிருந்தது.

ஒன்பதரைக்குப் பரீட்சை. நான் இருப்பது ஏழு மலைக்கு மேலே. கொடுத்த முடியைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. ஓடிப்போய் கீழே இறங்கும் பஸ்ஸில் ஏறினேன். மலைப்பாதையில் எந்த வண்டியும் வேகமாக இறங்கக் கூடாது. டிரைவர் அந்த விதியை அன்றைக்கு என்னவோ பக்தியோடு கடைப்பிடித்தார். பக்கத்து சீட்டு அம்மா, தெலுங்குக்காரர், என் தவிப்பைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"சயின்ஸு ரெண்டு பேப்பர்லு அண்டி! பிசிக்ஸ் ஒக ரோஜு, பயாலஜி ஒக ரோஜு" என்றார்.

சயின்ஸ் ஒரு பாடம்தான், ஆனால் எழுதுவது இரண்டு நாள். ஆக மொத்தம் ஏழு நாள். அவருடைய மகன் முந்தின வருடம் எழுதியவனாம். என் மொட்டையை ஒருமுறை பார்த்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு பேசுவதற்குப் போன் கொடுத்தார், பாவம். மனைவியின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. பத்து எண்ணை நெட்டுருப் போடாத ஆள்தான் பிள்ளையை 'மனப்பாடம் பண்ணு' என்று விரட்டியவன்.

பாகாலாவில் பைக்கை எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போனபோது பத்தேகால் தாண்டிவிட்டது. கேட் சாத்தியிருந்தது. காவலுக்கு இருந்த பெண் போலீஸ், உள்ளே யார் வந்தார்கள், யார் வரவில்லை என்றெல்லாம் சொல்ல முடியாது, தள்ளி நில்லுங்கள் என்றுவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். அங்கே அவள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால்? அதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், எதிரில் இருந்த புளியமரத்தடியிலேயே நின்றேன். என் அவசரத்தால் அவளுக்கு ஒரு வருடம் போனதே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது வேடிக்கையாகச் சொல்கிறேனே, அந்த இரண்டரை மணி நேரம் ஒன்றும் வேடிக்கையாக இல்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். நடுவில் என் மகள், கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு, என்னைத் தாண்டியே போய்விட்டாள்.

"பாப்பா!"

திரும்பினாள். ஒரு கணம் யாரோ என்று பார்த்தாள். "நைனா! இன்னா நைனா இது கோலம்?" கூட வந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண் போலீசும் சேர்ந்துகொண்டார்.

"நீ எப்பிடிம்மா வந்த?"

"பஸ்லதான். பரீட்ச நாள்ல ஹால் டிக்கெட்ட காட்டுனா எங்களுக்கு பஸ்ல டிக்கெட்டே வாணாம் நைனா. எட்டே முக்காலுக்கெல்லாம் வந்துட்டேன்."

"அப்ப ஆறு நாளா நான் இட்டாந்தது?"

"நீ பயந்துக்கினு இருந்தியேன்னுதான் வண்டியில ஏறுனேன்."

டீக்கடையில் உட்கார்ந்து, அட்டைமேல் விரலால் கோடு போட்டு, எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சையை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். எத்தனை மார்க் எடுத்தால் பாஸ் என்று கேட்டேன். "அதுகூடத் தெரியாமதான் குக்கர நிறுத்துனியா?" என்று கேட்டுவிட்டு பன்னைக் கடித்தாள்.

நன்றாகவே பாஸ் செய்தாள். இப்போது இன்டர் முதல் வருடம், அதாவது பதினொன்றாவது. என் பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பயப்படுகிறேன்.