இடது காதுக்குப் பெரியது, வலது காதுக்குச் சின்னது

டமாரம் என்ற பட்டத்தை அவளுக்குச் சூட்டியது நாத்தனார். டமாரச் செவிடு என்று முழுசாகச் சொன்னால் சண்டை வரும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்ட பேர் அது. நாத்தனார் மாடிப்படியில் நின்று "டமாரம், மோட்டாரை நிறுத்து!" என்று கத்துவதும், உள்ளேயிருந்து பதில் வராததும், தொட்டி வழிந்து படியெல்லாம் தண்ணீர் ஓடுவதும் அந்த வருஷம் அந்த வீட்டில் வாடிக்கையாகிவிட்டது. பட்டம் படியிறங்கிக் கீழே கடைக்கும் போய்ச் சேர்ந்தது. பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள்கூட "டமாரம் அக்கா சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்கள்.

அவள் செய்த வேலைக்கு இதைவிடக் கேவலமான பட்டம் கிடைத்திருக்காது. காதை வைத்துப் பிழைக்கிறவள் அவள். வேலையைவிட்டு நிறுத்தப்பட்டவர்கள் புகார் கொடுத்தால் விசாரிக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே விசாரணை மேஜையில் வைத்துப் பதிவு செய்யும் பேச்சு ஓர் ஏஜென்சிக்குப் போகும், அங்கிருந்து அவளுடைய கம்ப்யூட்டருக்கு வரும். யார் என்ன பேசினார்கள் என்று கேட்டு, கேட்டது கேட்டபடி டைப் அடித்து அனுப்ப வேண்டும். இருமினால் இருமல் என்று போட வேண்டும். அழுதால் அழுகிறார் என்று போட வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஏஜென்சியிலேயே சொல்வார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. முதலாவது கம்ப்ரசர். வீட்டுக்குக் கீழே இருந்தது அவள் கணவனின் டயர் கடை. பழைய கம்ப்ரசர் மூச்சு வாங்குகிறது என்று அவன் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டான். லாரி டயருக்கே காற்றடிக்கும் என்று அதைத் தடவித் தடவிக் காட்டினான். அது ஓட ஆரம்பித்தால் மாடியில் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், மேஜையில் வைத்த டம்ளர் ஓரத்துக்கு நகர்ந்து வரும். இரண்டாவது, அதே சமயத்தில் அவளுடைய பழைய பெரிய ஹெட்போன் உடைந்தது. ஏஜென்சி காதுக்குள் செருகுகிற இயர்போன் ஒன்றை அனுப்பியது. பெட்டியிலிருந்து எடுத்த கையோடு அவள் அதை மாட்டிக்கொண்டாள். சத்தம் போதவில்லை என்றால் கூட்டினாள். இன்னும் போதவில்லை என்றால் இன்னும் கூட்டினாள். சாயங்காலம் இயர்போனைக் கழற்றிய பிறகும் காதுக்குள் வண்டு குடைந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் ஏஜென்சி சூப்பர்வைசர் போன் செய்தார். வழக்கமாக "மேடம், அவசரம்" என்று ஆரம்பிக்கிற மனுஷன் அன்றைக்கு நலம் விசாரித்தார்.

"மேடம், அந்தத் தையல்காரம்மா விசாரணை இருக்குல்ல. ‘நீங்களாவே எழுதிக் குடுத்துட்டு வேலையை விட்டுப் போனீங்களா?’ன்னு கேக்குறாங்க. அதுக்கு அந்தம்மா ‘ம்’னு சொன்னதா அடிச்சிருக்கீங்க."

"ஆமா சார், ‘ம்’னுதான் சொன்னாங்க."

"இல்ல மேடம். ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டேன். ‘ம்ஹும்’னு சொல்றாங்க."

வாயைத் திறக்காமலேயே ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லிவிடுகிற ஜனங்கள் நாம். இரண்டும் மூக்குக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். நடுவில் ஒரு சின்ன மூச்சு, கடைசியில் ஒரு இறக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மூச்சைக் கம்ப்ரசர் தின்றுவிட்டது. வேலையைப் பறிகொடுத்த ஒருத்தி ‘நான் போகவில்லை, துரத்தினார்கள்’ என்று சொன்னதை, ‘ஆமாம், நானேதான் போனேன்’ என்று இவள் மாற்றி அடித்திருக்கிறாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்து அவளுக்கு அழுகை முட்டியது.

"திருத்தி அனுப்புங்க. அதுக்கு முன்னால காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க மேடம்," என்றார் சூப்பர்வைசர். "தப்பா நினைக்காதீங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களுக்கு ஆடியோ அனுப்ப முடியாது."

மத்தியானச் சோற்றுக்குள் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "நான் சொன்னா யாரு கேட்டா?" என்றாள் நாத்தனார், பரிசு வாங்கினவள் போல முகத்தை வைத்துக்கொண்டு. கணவன் தட்டைப் பார்த்தபடியே, "வயசாச்சுன்னா எல்லாருக்கும் வர்றதுதானே, விடு" என்றான். ஆறுதல் சொல்கிறானாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைவிட அவள் சின்னவள்.

காது டாக்டர் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, கொசு முனகுவது போன்ற சத்தங்களையெல்லாம் கேட்க வைத்தார். ஒன்றைக்கூட அவள் விடவில்லை. "காதுக்கு ஒரு குறையும் இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "வலது துவாரம் கொஞ்சம் குறுகல், இடது கொஞ்சம் அகலம். நிறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். ஆனா இயர்போன்ல சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்டீங்கன்னா இருக்கிற நல்ல காதும் போயிடும், சொல்லிட்டேன்."

பஸ்ஸில் வரும்போது அந்தக் குறுகலும் அகலமும் அவள் மனசில் ஓடிக்கொண்டே இருந்தன. வீட்டுக்கு வந்ததும் இயர்போன் பெட்டியைத் தேடி எடுத்தாள். அட்டைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை பிரிக்காமலே கிடந்தது. அதற்குள் இயர்போன் நுனியில் மாட்டுகிற ரப்பர், சின்னதில் ஒரு ஜோடி, பெரியதில் ஒரு ஜோடி. இயர்போனில் மாட்டி வந்தது நடுத்தரம். உபரி என்று நினைத்து அதைப் பிரிக்காமல் விட்டிருந்தாள். உபரி இல்லை, அளவு! செருப்பை அளவு பார்த்து வாங்குகிறோம், ரவிக்கையை அளவு கொடுத்துத் தைக்கிறோம், காதுக்கு மட்டும் வந்ததை மாட்டிக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜன்னலைத் திறந்து, "என்னங்க, கம்ப்ரசரைக் கொஞ்சம் போடுங்க!" என்று கத்தினாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. கணவன் சந்தேகத்தோடு மேலே பார்த்தான். போட்டான்.

வலது காதில் நடுத்தர ரப்பர் உள்ளே போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. சின்னதை மாற்றினாள். இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே, பின்பக்கமாக இழுத்துப் பிடித்தாள். வலது கையால் செருகி ஒரு திருகு திருகினாள். கம்ப்ரசர் பாதி கீழே இறங்கிப் போனது. இடது காதில் பெரியதைப் போட்டாள். மீதியும் இறங்கியது. தான் எச்சில் விழுங்குவது அவளுக்கே பெரிதாகக் கேட்டது. பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். அதுவரை தகர டப்பாவுக்குள் இருந்து வந்த பாட்டுக்கு அடிவயிறு முளைத்திருந்தது. தாளம் நெஞ்சுக்குள் விழுந்தது. காதுக்கும் ரப்பருக்கும் நடுவில் சந்து இருந்தால் முதலில் ஒழுகிப் போவது கனத்த சத்தம்தான் போலிருக்கிறது. ‘ம்’ என்பதும் அந்த வகைதானே.

இடது காது மட்டும் லேசில் மசியவில்லை. வாயைத் திறந்தால் ரப்பர் நெகிழ்ந்து கம்ப்ரசர் திரும்ப உள்ளே வந்தது. கடைவீதியில் செல்போன் சாமான் விற்கிறவளிடம் போய் நின்றாள். கடைக்காரி ரப்பருக்குப் பதில் பஞ்சு போல அமுங்குகிற ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "விரல்ல உருட்டி ஒல்லியாக்கிட்டு உள்ள விடுங்கக்கா. பஞ்சு விரியிற வரைக்கும் விரலை எடுத்துடாதீங்க. அவசரப்பட்டீங்கன்னா வெளிய வந்துடும்." அதோடு இடது காதும் அடங்கியது. சத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தாள். வண்டு போன இடம் தெரியவில்லை.

இப்போது உண்மையிலேயே அவளுக்கு வீட்டுச் சத்தம் கேட்கவில்லை. அதுதான் அடுத்த வினை.

அதுவரை நாத்தனார் கத்தினால் நாலில் ஒன்றாவது காதில் விழும். எங்கேயிருந்து கூப்பிட்டாலும் இங்கேயிருந்தே ‘ம்’ கொட்டுவாள். சாவி எங்கே என்றால் சொல்வாள், எண்ணெய் எங்கே என்றால் சொல்வாள். அந்த வீட்டில் யாரும் எழுந்து வந்து எதையும் கேட்டதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து குரலை அனுப்புவார்கள், பதில் போய்ச் சேர வேண்டும். இப்போது சுத்தமாக எதுவும் போய்ச் சேரவில்லை. நாத்தனார் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கடையிலிருந்த தம்பியைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தாள்.

மேஜையில் ஆள் நிழல் விழுந்ததும் அவள் இயர்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள்.

"வீட்டுல ஆள் இருக்கா இல்லையான்னே தெரியல," என்றாள் நாத்தனார். "கல்லுப் புள்ளையார் மாதிரி உக்காந்திருக்கா."

கணவன் சமாதானம் பேசினான். "ஒரு காதுல மட்டும் போட்டுக்கோயேன். வேலையும் நடக்கும், வீடும் நடக்கும். அக்காவும் சும்மா இருப்பாங்க."

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஒரு காதைத் திறந்து வைத்தால் கம்ப்ரசர் உள்ளே வரும். சத்தத்தைக் கூட்ட வேண்டிவரும். இன்னொருத்தி சொன்ன ‘இல்லை’, ‘ஆமாம்’ ஆகும். வேலையும் போகும், டாக்டரம்மா சொன்ன மாதிரி காதும் போகும். அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து டமாரம் என்பார்கள்.

"முடியாதுங்க," என்றாள். "ரெண்டு காதுலயும்தான் போடுவேன். நீங்க டயருக்குப் பாதிக் காத்தா அடிச்சு அனுப்புறீங்க? யாருக்காவது என்கிட்ட பேசணும்னா எழுந்து வந்து தோளைத் தொடுங்க. திரும்பிப் பாக்குறேன்."

"தொட்டுக் கூப்பிட நீ என்ன மகாராணியா?"

"மகாராணியைத் தொட விட மாட்டாங்க அண்ணி. நான் டைப் அடிக்கிறவதான், தாராளமா தொடலாம்."

கணவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்குப் பயந்து அதை இருமலாக்கிக்கொண்டு படியிறங்கினான். நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். போகட்டும் என்று இவள் விட்டாள். பஞ்சை உருட்டி உள்ளே வைத்து, விரலை எடுக்காமல் காத்திருந்து, தையல்காரியின் விசாரணையை முதலிலிருந்து ஓட விட்டாள்.

‘நீங்களாவே எழுதிக் குடுத்துட்டு வேலையை விட்டுப் போனீங்களா?’

‘ம்ஹும்.’

இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண்! சொன்னதோடு மூக்கை உறிஞ்சவும் செய்கிறாள். இவள் ‘ம்’ என்பதை அழித்துவிட்டு ‘ம்ஹும்’ என்று அடித்தாள். ஆடியோவை நிறுத்தப் போனவள், நிறுத்தவில்லை. அதற்குக் கீழே, அதே வேளையில், ஓர் ஆண் குரல். கேள்வி கேட்ட அதிகாரியின் குரல்தான். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிற குமாஸ்தாவிடம் சொல்கிற கனத்த முணுமுணுப்பு.

‘ஆமான்னே போட்டுக்கோ.’

மறுபடி ஓட விட்டாள். திரும்பவும் அதேதான். சந்தேகத்துக்கு இடமில்லை. அவள் அந்த வரியை அதன் இடத்தில் அடித்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் சூப்பர்வைசர் போன் செய்தார். அவள் இயர்போனிலேயே பேசினாள்.

"மேடம், ‘ம்ஹும்’ சரி பண்ணிட்டீங்க, சந்தோஷம். அதுக்குக் கீழ ஒரு வரி சேர்த்திருக்கீங்களே?"

"சேர்க்கல சார். அது அங்கேயே இருந்தது."

"எனக்கு ஸ்பீக்கர்ல கேக்கலையே."

"இயர்போன்ல கேளுங்க. ரப்பர் அளவு சரியாப் பாத்துப் போடுங்க."

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இயர்போன்லயும் கேட்டேன் மேடம். இருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா அந்த ஆபீஸ்தான் நமக்கு வேலை குடுக்குது. இந்த வரி அங்க போச்சுன்னா பெரிய பிரச்சனை ஆகும். அந்த வரியை எடுத்துடுங்க."

"கேட்டது கேட்டபடின்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"சரி, எடுக்க வேண்டாம். அந்த இடத்துல ‘தெளிவாகக் கேட்கவில்லை’ன்னு போட்டுடுங்க. எல்லாரும் போடுறதுதானே? உங்க காது விஷயம் இங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அடுத்த ஆடியோவும் வழக்கம்போல வந்துடும்."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேட்காதபோது செவிடு என்றார்கள். கேட்கிறபோது செவிடாக இருந்துவிடு என்கிறார்கள். இந்த வேலை போனால் வேறு வேலை தேடுகிற வயசு இல்லை அவளுக்கு. நாத்தனார் வாய்க்கு வருஷக்கணக்கில் தீனி கிடைக்கும். எல்லாம் தெரியும். வெளியே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல் கண்ணாடி நடுங்குவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். காதுக்குள் இருந்ததெல்லாம் பதிலுக்குக் காத்திருக்கிற அந்த மனுஷனின் மூச்சு மட்டும்.

"எனக்குக் கேட்டுச்சு சார்," என்றாள். "நல்லாவே கேட்டுச்சு. என் பேர்ல போற காகிதத்துல அந்த வரி இருக்கும். இதுக்காக என்னை நிறுத்தணும்னா நிறுத்திக்குங்க. ஆனா நாளைக்கு யாராவது என்னைப் பத்திக் கேட்டா, நானாவே வேலையை விட்டுப் போயிட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."