நான் கீழே போடாத இஸ்பேட் பத்து

திருப்பதிக்குக் குடிவந்த எட்டு மாதத்தில், காய்கறிக்காரரையும் பக்கத்து வீட்டு நாயையும் விட்டுவிட்டால், ஒரு மனுஷி தானாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: “பதிமூணு வரைக்கும் எண்ணத் தெரியுமா உனுக்கு?” காலை ரயிலில், பெண்கள் பெட்டியில் கேட்டார்கள். நான் சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். தினமும் ரத்த அணுக்களை எண்ணுகிற ஆள். அதைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் என் மடியில் பதிமூன்று சீட்டுகள் வந்து விழுந்துவிட்டன. சுற்றிலும் மலையிறங்கி வந்த மொட்டைத் தலைகள், சந்தன வாசம், லட்டுப் பை. நடுவில் நாலு முழங்காலின் மேல் ஒரு துண்டை விரித்து ரம்மி! திருநெல்வேலிக்காரர்களே, சத்தியமாகச் சொல்கிறேன், பெருமாள் என்னைக் கைவிடவில்லை என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

மூன்று பேரைச் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டவர் சுகுணாக்கா. நகரிப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம், சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. கோபத்துக்குத் தெலுங்கு, பாசத்துக்குத் தமிழ், சீட்டுக்கு இரண்டும். அடுத்தவர் எஸ்தர் டீச்சர். மூன்று தலைமுறையாக ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். “ஞாயித்துக்கெழம நான் சீட்டைத் தொடவே மாட்டேன்” என்று பெருமையாகச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை எங்களில் யாருக்குமே ரயில் கிடையாது என்பது வேறு விஷயம். மூன்றாவது பத்மா, கோர்ட்டில் டைப்பிஸ்ட், சுத்தத் தெலுங்கு. நாலாவது ஆளாக இருந்த ஓர் அம்மா ஓய்வு பெற்றுவிட்டதால்தான் எனக்கு அந்த அதிர்ஷ்டம்.

காசு வைத்து ஆடுவதில்லை. “காசு வெச்சா கேசு” என்பார் சுகுணாக்கா. பந்தயம் புளியங்கொட்டை. திங்கள்கிழமை ஆளுக்கு ஐம்பது கொட்டை. வெள்ளிக்கிழமை யாரிடம் மிகக் குறைவோ, அவர் சனிக்கிழமை நாலு பேருக்கும் டிபன் கொண்டுவர வேண்டும். அதிகம் வைத்திருப்பவர் மெனு சொல்வார். “சாதாரணமா நெனைக்காத. போன வருசம் எங்க வீட்ல மாவரைக்கிற மெசினே புகைஞ்சி போச்சு” என்றார் எஸ்தர் டீச்சர்.

ஆட்டத்தைப் பாகாலா ஸ்டேஷன் வருவதற்குள் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இரண்டு கட்டு கலந்து ஆளுக்குப் பதிமூன்று. ஒன்று எடு, ஒன்று போடு. ஆட்டீன், இஸ்பேட், கலாவர், டைமன் என்று நாலு சாதி, அதில் ஒரே சாதியில் மூன்று சீட்டாவது வரிசையாக, ஜோக்கர் கலக்காமல் சேர வேண்டும், அதற்குப் பெயர் லைஃப். பிறகு ஜோக்கர் சேர்ந்தாலும் பரவாயில்லை என்று இன்னொரு வரிசை. மிச்சத்தை வரிசையாகவோ ஒரே எண்ணாகவோ சேர்த்து ஷோ அடி, அதாவது விரித்துக் காட்டி ஜெயி. லைஃப் இல்லாமல் மாட்டினால் ஃபுல் கவுண்ட், எட்டுக் கொட்டை போச்சு. கை மோசமாக வந்தால் எடுக்கும் முன்பே கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம், அது ஸ்கூட், இரண்டு கொட்டையோடு தப்பிக்கலாம். நான் ஸ்கூட் அடிக்கவே மாட்டேன். எட்டு மாதத்தில் முதன்முறையாகக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார்கள், கையைக் கவிழ்த்துவிட்டு ஜன்னலையா பார்ப்பது? குப்பையை வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தேன், முதல் வாரமே அடிமட்டத் தோல்வி.

நம்மூரில் எனக்கும் சீட்டுக்கட்டுக்கும் இருந்த உறவு காபி டம்ளர் மட்டும்தான். கல்யாண வீட்டு மாடியில் ஜமுக்காளம் விரித்து மாமாக்கள் விடிய விடிய ஆடுவார்கள். எங்களுக்கு மாடிப்படி ஏறி இறங்குகிற வேலை. யார் கையில் ராஜா, யார் கையில் ராணி என்று தெரியாது. யாருக்குச் சீனி கம்மி, யாருக்குக் கடுங்காப்பி என்று இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாருக்கு என்ன தேவை என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அவர்கள் கேட்கும் முன் நீட்டுகிறவள் கெட்டிக்காரி. அப்படித்தான் என்னை வளர்த்தார்கள், நானும் அதில் சூரப்புலி.

முதல் சனிக்கிழமை, “உங்க ஊர்ல செய்றது எதுனா” என்று கேட்டதால் இடியாப்பமும் சொதியும் கொண்டுபோனேன். அடடா! தேங்காய்ப் பாலில் காய்கறி நீந்துவதை அவர்கள் பார்த்ததே இல்லை. சுகுணாக்கா டப்பாவை வழித்து நக்கிவிட்டு, “நல்லா துன்னேன் கண்ணு, நல்லா துன்னேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டு மாதமாக என் கையை யாரும் பிடிக்கவில்லை. கணவர் ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட்டு பார்க்கிறார். அவர் வரும்போது நான் போவேன், நான் வரும்போது அவர் தூங்குவார். அந்தக் கையின் சூடு சித்தூர் வரைக்கும் ஆறவில்லை. ஆகா, வழி கிடைத்துவிட்டது என்று என் புத்தி துள்ளிக் குதித்தது.

அதன் பிறகு நான் தோற்பதற்காகவே ஆடினேன். என் சீட்டை அடுத்து எடுப்பவர் சுகுணாக்கா. அவர் என்ன எடுக்கிறார், எதைப் பார்த்தால் புருவம் ஏறுகிறது என்று கவனித்து, வேண்டியதை அவருக்கு முன் வைத்தேன். எட்டு கேட்டால் எட்டு, ராணி கேட்டால் ராணி. வாராவாரம் சுகுணாக்கா ஜெயித்தார். வாராவாரம் நான் சமைத்தேன். நாலு வாரம்! சீட்டாட்டம் இத்தனை சுலபமா என்று சந்தோஷத்தில் மிதந்தேன். போனில் சொன்னதற்கு அம்மா, “ஏட்டி, சீட்டா ஆடுத? ஒங்கப்பா கேட்டாவன்னா தோல உரிச்சிருவாவ” என்றாள். “நான் ஜெயிக்கலம்மா” என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை மாட்டிக்கொண்டேன். சுகுணாக்கா ஆட்டீனில் எட்டும் ஒன்பதும் வைத்துக்கொண்டு தவிப்பது தெரிந்தது. என்னிடமிருந்த ஆட்டீன் பத்தைப் போட்டேன். அவர் பாய்ந்து எடுத்து ஷோ அடித்தார். தோற்றவர்கள் கையை விரித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. விரித்தேன். ஆட்டீன் ஜாக்கியும் ராணியும் என் கையில் ஜோடியாகச் சிரித்தன. பத்தும் இருந்திருந்தால் அதுதான் என் லைஃப். பத்மா ஒருமுறை என் சீட்டைப் பார்த்தாள், ஒருமுறை என்னைப் பார்த்தாள். “ஏமம்மா, நுவ்வு ஆடுதுன்னாவா, வட்டிஸ்துன்னாவா?” என்றாள். நீ ஆடுகிறாயா, பரிமாறுகிறாயா என்று. மாடிப்படிக் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

சுகுணாக்காவின் முகம்தான் தாங்க முடியவில்லை. “அப்டீன்னா நாலு வாரமா நான் ஜெயிச்சது?” என்றார். “உங்களுக்குச் சந்தோசமா இருக்கட்டும்னுதான்க்கா” என்றேன். நம்மூரில் இந்த வாக்கியத்துக்குக் கண் கலங்குவார்கள். அவர் கொட்டைகளை எல்லாம் என் பக்கம் தள்ளினார். “எங்க ஆபீஸ்ல பூரா சொல்லிக்கினு திரிஞ்சேனே, நாலு வாரமா நான்தான்னு. எனுக்கு இன்னா பிச்சை போட்டுக்கினு இருந்தியா நீ?” சீட்டைத் துண்டோடு சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் என் இடத்தில் ஒரு பை உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த நாளும். மொட்டைத் தலைகளுக்கு நடுவே நின்றுகொண்டு அந்தப் பையைப் பார்த்தபடி பயணம் செய்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றுகூட அப்படி அழுகை வரவில்லை. ஒரு கூடை கொழுக்கட்டை செய்து கொண்டுபோய்க் காலில் விழலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, செய்யவில்லை. ஏழாம் நாள் எஸ்தர் டீச்சரின் கையைப் பிடித்து, “ஒரே ஒரு ஆட்டம் டீச்சர், நெசமா ஆடுதேன்” என்றேன். அவர் போய்ப் பேசினார். தீர்ப்பு சுகுணாக்காவிடமிருந்து வந்தது: “ஒரு ஆட்டம். வெள்ளிக்கெழம. தோத்தவங்க சமைக்கணும், ஜெயிச்சவங்க மெனு. மறுபடியும் பரிமாறுனா வேற ஆளு பாத்துக்கறோம். சாப்பாட்ல எவ்ளோ வேணா குடு கண்ணு, வேணாங்கல. ஆட்டத்துல குடுக்காத.”

வியாழக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. ஆட்டத்தின் விதிகளை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே கிடந்தேன், பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. வெள்ளிக்கிழமை சந்திரகிரியில் சீட்டு போட்டார்கள். பிரித்துப் பார்த்தால், ஐயோ, தங்கம்! கலாவர் நாலு, ஐந்து, ஆறு வரிசையாக. மூன்று ராஜா, நாலு ரெண்டு, ஒரு ஜோக்கர். உதவாத சீட்டு இரண்டே இரண்டு: டைமன் ஏழு, இஸ்பேட் பத்து. இரண்டாவது வரிசை மட்டும் சேர்ந்தால் ஷோ. பெரிய சீட்டை முதலில் தள்ள வேண்டும் என்பது பாலபாடம். பத்தைப் போட விரலை வைத்தேன். அப்போது பார்த்தேன், சுகுணாக்கா ஆட்டத்தைத் தொடங்கும்போதே திறந்துவைத்த இஸ்பேட் எட்டை எடுத்திருந்தார், கண் என் கையிலேயே இருந்தது. அந்தப் பத்தைப் போட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். என் விரல் தானாக அதைத் தூக்குகிறது, நம்புவீர்களா? முப்பத்தெட்டு வருஷப் பழக்கம்! கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏழைப் போட்டேன். அடுத்த சுற்றில் எடுத்ததைப் போட்டேன். அதற்கடுத்தும் எடுத்ததையே போட்டேன். சுகுணாக்கா உதட்டைக் கடித்தார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. பாகாலா தாண்டி ரயில் வேகம் பிடித்தபோது கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவினேன். டைமன் ஒன்பது. சே, ஏழைப் போடாமல் இருந்திருந்தால் ஜோக்கரோடு சேர்ந்திருக்கும்! அதை வைத்துக்கொண்டு ராஜாவைப் பிரிக்கலாமா என்று கை அலைந்தது. வேண்டாம் என்று ஒன்பதைப் போட்டேன். அடுத்து உருவியது இஸ்பேட் ஜாக்கி. பத்து, ஜாக்கி, ஜோக்கர்!

“ஷோ!” என்று நான் கத்தியதில் ஒரு மொட்டைக் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. சுகுணாக்கா என் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அவருக்கு லைஃப் இல்லை. எட்டும் ஒன்பதும் பத்துக்காகக் காத்துக்கொண்டு கிடந்தன. ஃபுல் கவுண்ட். “அடிப் பாவி! பத்தக் கையிலயே வெச்சிக்கினு மூஞ்ச அப்பாவியாட்டம் வெச்சிக்கினு இருந்தியா?” என்று என் தொடையில் ஓங்கி அறைந்தார். பிறகு இன்னொரு அறை. பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எஸ்தர் டீச்சர் “ஸ்தோத்திரம்” என்றார், எதற்கென்று தெரியவில்லை. தொடை எரிந்தது. வாழ்க்கையில் அவ்வளவு இனிமையாக எதுவும் எரிந்ததில்லை.

“சொல்லு, இன்னா செஞ்சி எடுத்துனு வரணும்?” என்றார் சுகுணாக்கா. என் வாயிலிருந்து வந்தது: “சங்கட்டி. வேர்க்கடலை சட்னி.” கேழ்வரகுக் களியைத்தான் இங்கே சங்கட்டி என்கிறார்கள். ஊருக்குப் போனால் சொதி, ஆப்பம் என்று கனாக் காண்கிற ஆள் நான், கைக்கு வந்த ஒரே மெனுவை இந்த ஊருக்குக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று இதுவரை எனக்கே தெரியாது.

சனிக்கிழமை வந்தது. என் இடத்தில் பை இல்லை, என்னையே உட்காரவைத்தார்கள். வாழையிலைத் துண்டில் உருண்டை உருண்டையாகச் சங்கட்டி, பக்கத்தில் காரமாகச் சட்னி. முந்தின நாள்தான் அம்மா அனுப்பிய பார்சல் வந்திருந்தது, அதிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டி என் கைப்பையில் கிடந்தது. களி என்றால் கருப்பட்டிதானே? எடுத்துப் பொடித்தேன். மூவரும் அலறினார்கள். “சங்கட்டிக்கு இனிப்பா? சீ!” என்று சுகுணாக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் உருண்டையை விரலால் இரண்டாகப் பிளந்தேன். இந்தப் பக்கம் சட்னி, அந்தப் பக்கம் கருப்பட்டி. முதல் வாயை எந்தப் பக்கம் எடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ரயில் ஒரு வளைவில் சாய்ந்தது. சட்னி மெல்ல நடுக்கோட்டைத் தாண்டிக் கருப்பட்டிக்குள் ஓடியது. நான் தடுக்கவில்லை.