இடுப்புத்துணிக்கு ஓர் ஊக்கு

மனைவி காய்ச்சலோடு மலாக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எங்கள் கைக்குழந்தையை நான்தான் பார்த்துக்கொண்டேன். பால் புகட்டப் பழகிவிட்டேன். இடுப்புத்துணிதான் நிற்கவில்லை. லேசாக முடிந்தால் அவிழ்ந்தது. இறுக்கி முடிந்தால், நனைந்தபின் பிரிக்க முடியவில்லை. அவள் ஊக்குதான் குத்துவாள். வீடு முழுக்கத் தேடியும் ஓர் ஊக்கு அகப்படவில்லை.

நான் தோட்டத்தில் ரப்பர் மரத்தை வெட்டிப் பால் எடுக்கிறவன். மரத்தின் வெட்டில் காய்ந்திருந்த பாலை நாடாவாக உரித்து வந்து, துணிக்கு மேல் சுற்றிக் கட்டினேன். தோட்டத்து ரப்பரை எடுத்தது துரைக்குத் தெரிந்தால் வேலை போயிருக்கும். ஆனால் துணி நன்றாகவே நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அவளைப் பார்க்கச் சிம்பாங் அம்பாட்டில் பஸ் ஏறினோம். வழியில் குழந்தை வீரிட்டு அழுதது. பக்கத்தில் இருந்த அம்மாள் துணியை விலக்கிப் பார்த்தார். இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்திருந்தது.

"என்னா தம்பி இது, புள்ள இடுப்புல போயி ரப்பரா?"

நாடாவைப் பிய்த்து எறிந்தார். தன் தாலிக்கயிற்றில் தொங்கிய ஊக்கைக் கழற்றித் துணியில் குத்தினார்.

"நீயே வச்சிக்க லா."

ஆஸ்பத்திரியில் மனைவி குழந்தையை வாங்கியதும் ஊக்கைத்தான் பார்த்தாள்.

"இது ஏது?"

"பஸ்ஸுல ஒரு அம்மா குடுத்தாங்க. வீட்டுல ஒன்னுகூட இல்லியே."

அவள் ரவிக்கைக்குள்ளிருந்து தாலிக்கயிற்றை வெளியே எடுத்தாள். அதில் நான்கு ஊக்குகள் தொங்கின.

"எப்பவும் இங்கதானே இருக்கும்."

அந்தத் தாலியைக் கட்டியவன் நான். கட்டிய நாளுக்குப் பிறகு அதை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.