லேமினேஷன் போட்ட ஜாமீன்

பாக்யராஜுக்கு வயது பத்தொன்பது. கரும்பு லோடு ஏற்றுகிறவன். ஒன்பதாவது வரை படித்தான் என்று சொல்வார்கள். வருடாவருடம் அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள் என்பதுதான் உண்மை. தன் பெயரை எழுதுவான். அதற்கு மேல் ஒரு வரி படிக்கத் தெரியாது. நடந்ததை முன்பின்னாகக் கோர்த்துச் சொல்லவும் வராது. பெரிய மனிதர்கள் எதைக் கேட்டாலும் "ஆமா சார்" என்பான். அப்படிச் சொன்னால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் அவன் கற்ற ஒரே பாடம்.

சிநேகிதன் கொடுத்த பைக்கை ஓட்டிப் போய் மாட்டிக்கொண்டான். அது திருட்டு பைக். "தெரிஞ்சுதானே ஓட்டினே?" என்று கேட்டார்கள். "ஆமா சார்." இருபது நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான்.

மறுநாளே கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு ஜாமீன் ஆர்டரைக் கொண்டுவந்தான். "லேமினேஷன் போட்டுக் குடுங்கக்கா. மழையில நனையக் கூடாது."

போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றான். பின்னால் ஆதார் கார்டோடு எட்டுப் பேர். "இன்னாடா இன்னும்?" என்று எரிந்து விழுந்தேன். "ஒண்ணுமில்லக்கா" என்று போய்விட்டான். நாளெல்லாம் என் கை வழியே பேப்பர் போகிறது, ஒன்றையும் படிப்பதில்லை. இதில் பி.ஏ. வேறு எனக்கு!

வக்கீல் அவனிடம், தினமும் போய்க் கையெழுத்துப் போடு என்றிருக்கிறார். அவன் தெருவில் ஜாமீனில் வந்தவர்களெல்லாம் ஸ்டேஷனில்தான் போட்டார்கள். அவனும் ஸ்டேஷனுக்குப் போனான். வாசலில் நின்றவனை யாரோ உட்காரச் சொன்னார்கள். மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தான். பத்தொன்பது நாள், வேலையை விட்டுவிட்டு, லேமினேஷனை மடியில் வைத்துக்கொண்டு. யாரும் கையெழுத்து நோட்டை நீட்டவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்டால் எதையாவது படிக்கச் சொல்வார்களோ என்று பயம்.

இருபதாம் நாள் காலை போலீஸ் வந்து அவனைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போனது. ஜாமீனை ரத்து செய்யப் போகிறார்களாம். அவன் அம்மா வேலம்மாள் அந்த லேமினேஷனோடு என்னிடம் ஓடிவந்தாள்.

"இதுல இன்னாம்மா எழுதியிருக்குது? எம்புள்ள ஒரு நாள்கூட தப்பாம ஸ்டேஷனுக்குப் போனானே!"

அப்போதுதான் படித்தேன். எல்லாம் இங்கிலீஷ். மூன்றாவது வரியில் இருந்தது: முப்பது நாள், காலை பத்தரைக்கு, கோர்ட்டில் கையெழுத்து. ஸ்டேஷனில் இல்லை, கோர்ட்டில்.

கடையைச் சாத்திவிட்டு அவளோடு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வேண்டுமென்றே வராமல் இருந்தாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டாராம். "ஆமா சார்" என்றானாம். நடந்ததை வக்கீலிடம் மூச்சிரைக்கச் சொன்னேன்.

"அத அவன்தாம்மா சொல்லியிருக்கணும்" என்றார்.

சொல்லத் தெரிந்திருந்தால் பைக் கேஸிலேயே சொல்லியிருக்க மாட்டானா? பாவி நான், அன்றைக்கு அந்த ஒரு வரியைப் படித்துச் சொல்லியிருக்கலாம்.

வேனில் ஏற்றும்போது என்னைப் பார்த்துவிட்டான். கம்பி வழியே அவசரமாகக் கூப்பிட்டான்.

"அக்கா, நாளிக்கு ஸ்டேஷனுக்கு வர முடியாதுன்னு கொஞ்சம் சொல்லிடுங்கக்கா. அப்புறம் கேஸ் ஆயிடும்."