ஓடுகிற நினைவகத்தில் ஒரு கெட்ட வரிசை

"ஏலே, அங்கன என்னமோ செவப்பா வருதே, என்னது அது?"

எங்கள் ஆய்வுக்கூடத்தின் எந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன் நான். என் திரையில் எது சிவப்பாக வந்தாலும், அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அக்காவுக்குப் பிடிக்காது. அன்று பதறியதற்கு நியாயமும் இருந்தது. காரங்காட்டு அலையாத்திக் காட்டில் முட்டளவு சேற்றில் நின்று பறித்த இலைகளிலிருந்து அவர் பிரித்தெடுத்த மரபணுத் துண்டுகளை, ஒன்றோடொன்று பொருத்தி முழுசாகத் தைக்கும் வேலை கூடத்தில் வைத்திருந்த ஒரு பெரிய எந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாள் கணக்கில் ஓடிக் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கட்டம் முழுவதும் நினைவகத்துக்குள்ளேயே நடக்கும். முடிகிறவரை வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், ஓர் எழுத்துகூட எழுதாது. நடுவில் எந்திரம் விழுந்தால் எல்லாம் போச்சு.

மறுபடி ஓட்டலாமே என்றால், எந்திரம் எங்களுடையது இல்லை. உச்சிப்புளியைத் தாண்டிச் சாலையோரம் இருக்கும் எங்கள் சின்னக் கூடத்துக்கு அவ்வளவு நினைவகம் வாங்க வக்கு ஏது? மதுரையில் ஒரு நிறுவனம், தங்களுடைய புது நினைவக அட்டையைச் சோதித்துப் பாருங்கள் என்று, அதைப் பொருத்திய எந்திரத்தையே இரவலாகத் தந்திருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் எடுத்துப் போய்விடுவார்கள். அடுத்த ஆள் வரிசையில் நிற்கிறார். அப்படித் தைத்துக் கிடைக்கும் தொகுப்புதான் அக்காவின் ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம். அது இல்லாமல் ஆய்வேடும் இல்லை.

"ஒண்ணுமில்லக்கா. பிழை வந்துச்சு, எந்திரமே திருத்திக்கிருச்சு."

"திருத்திக்கிருச்சுன்னா பச்சையில சொல்ல வேண்டியதுதான? எதுக்கு என்னைய பயமுறுத்துது?"

அக்காவுக்குச் சிக்கல் என்கிற ஊர்ப்பக்கம், மிளகாய் போடுகிற குடும்பம். செடியில் ஓர் இலை சுருண்டால் போதும், மிளகாய்க் காட்டையே சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். என் சமாதானமெல்லாம் அவரிடம் எடுபடாது. நானும் பதிவுகளைச் சுற்றிப் பார்த்தேன். காலையிலிருந்து வந்த பிழைகளின் முகவரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே அக்கம்பக்கம். நினைவகச் சில்லு என்பது வரிசை வரிசையாகக் கண்ணறைகள். அதில் ஒரு வரிசை செத்துக்கொண்டிருந்தது. ஓர் எழுத்தில் ஒரு புள்ளி, அதாவது ஒரு பிட், கெட்டால் எந்திரம் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு புள்ளி சேர்ந்து கெட்டால் திருத்த முடியாது, ஓடுகிற வேலையைக் கொன்றுவிடும்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பயத்துக்கு நடுவே எனக்குக் கொஞ்சம் குதூகலமும் இருந்தது. இதற்கு மருந்து உண்டு. சில்லு செய்யும்போதே சில வரிசைகளை உபரியாகச் சும்மா விட்டிருப்பார்கள். கெட்டதை ஒதுக்கிவிட்டு உபரியை அந்த இடத்தில் உட்கார வைக்கலாம். முன்பெல்லாம் அதை எந்திரத்தின் உள்மென்பொருள்தான் செய்யும், நமக்குக் கதவு கிடையாது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னல், அதன் புதிய பதிப்பில் அந்தக் கதவைத் திறந்து, கோப்புகளாக வெளியே நீட்டியிருக்கிறது. ஒரு கோப்பில் முகவரி எழுதணும். இன்னொன்றில் பழுதின் வகை: சைபர் எழுதினால் தற்காலிகம், மின்சாரம் போனதும் மறந்துவிடும், ஒன்று எழுதினால் நிரந்தரம், பிறகு மாற்றவே முடியாது. கடைசியாக 'ரிப்பேர்' என்ற கோப்பில் ஒன்று எழுதினால் வேலை நடக்கும். மாதக்கணக்கில் நான் வாசித்து வாசித்து வைத்திருந்த விஷயம். ஆசை தீரத் தொட்டுப்பார்க்க ஒரு கெட்ட வரிசை அதுவரை அகப்படவில்லை.

மதுரை நிறுவனத்துப் பொறியாளர் எந்திரத்தை எடுத்துப்போக வேனில் கிளம்பிவிட்டிருந்தார். நாங்கள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. சிக்கல் என்னவென்றால், எந்திர அறைக்குள் விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசினாலே கேட்காது. செல்போனுக்குச் சிக்னலும் கிடையாது. எனவே அக்கா போனோடு வாசலுக்கு வெளியே நின்றார். நான் உள்ளேயிருந்து கத்தினேன். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வேறு அவருடைய துப்பட்டாவை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"பிழை எல்லாம் ஒரே வரிசைன்னு சொல்லுங்க! தற்காலிகமாப் போடவா, நிரந்தரமாப் போடவான்னு கேளுங்க!"

அக்கா போனில் கத்தினார். காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். "என்ன? என்னண்ணே? திரும்பச் சொல்லுங்க." பிறகு என் பக்கம் திரும்பி:

"ஒண்ணு போடாதங்கறாரு!"

இதைவிடப் பொருத்தமான பதில் உண்டா? ஒன்று என்றால் நிரந்தரம். இரவல் அட்டையில் நிரந்தரமாக எதையும் செய்யாதே என்கிறார். அப்படியென்றால் சைபர். வகைக் கோப்பில் சைபர் எழுதினேன். முகவரி எழுதினேன். 'ரிப்பேர்' கோப்பை நிரப்பி என்டர் தட்டினேன்.

எந்திரம் ஒரே வரியில் மறுத்தது. சாதனம் வேலையாக இருக்கிறதாம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மறுபடி தட்டினேன். அதே வரி. கெர்னலை எப்படி மசிய வைக்கலாம், எந்த நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று மூலநிரலைத் திறந்து தேட ஆரம்பித்தேன். தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வேன் வந்து நின்றது.

அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"யாரு இதப் போட்டது?"

"நாந்தாண்ணே. நீங்கதான சொன்னீங்க, ஒண்ணு போடாதன்னு. அதான் சைபர் போட்டேன்."

"ஒண்ணு போடாதன்னா சொன்னேன்? ஒண்ணும் போடாதன்னேன்யா! ஒண்ணும்! நான் வார வரைக்கும் எதுலயும் கைய வைக்காதன்னேன்!"

இருவரும் அக்காவைப் பார்த்தோம்.

"எனக்கு 'ம்' கேக்கலயே," என்றார் அக்கா.

அண்ணன் சிரிக்கவில்லை. அதே கோப்புறையில் இருந்த இன்னொரு கோப்பைத் திறந்து காட்டினார். ஓடும்போது பழுது பார்த்தால் பத்திரமா என்று சொல்கிற கோப்பு. அதில் சைபர், அதாவது பத்திரமில்லை. இந்த அட்டையில் பழுது பார்த்தால் அந்த வரிசையில் இருக்கிற எழுத்துகளுக்கு உத்தரவாதம் கிடையாது. நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

"கெர்னல் மட்டும் தடுக்கலேன்னா இந்நேரம் ஒங்கக்கா வேலைக்கு நடுவுல குப்பை விழுந்திருக்கும். ஒன்னைவிட அதுக்கு வெவரம் சாஸ்தி."

"எந்த எடத்துல விழுந்துச்சுன்னு தெரிஞ்சிருக்குமாண்ணே?" என்று கேட்டார் அக்கா.

"தெரிஞ்சிருக்காதும்மா. வேல பாட்டுக்கு ஓடி முடிஞ்சிருக்கும். நல்லா வந்திருக்குன்னு நெனச்சு எழுதிக் குடுத்திருப்பீங்க."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

அண்ணனுக்கு அவருடைய பாடு. கெட்ட வரிசையோடு அட்டையை அடுத்த இடத்தில் இறக்க முடியாது. எந்திரத்தை அணைத்து, நிரந்தரப் பழுது பார்த்து, சோதித்து, அதற்கப்புறம்தான் வேனில் ஏற்றணும். "இப்ப அணைச்சாத்தான் எனக்கு நேரம் சரியா இருக்கும்," என்றார், அக்காவைப் பார்க்காமல். இன்னும் கொஞ்சம் அவகாசம் என்றார் அக்கா. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சிவப்பாக இன்னும் இரண்டு வரிகள் வந்தன.

"அண்ணே," என்றேன். "வரிசையைச் சரிபண்ணவே வேண்டாம். அங்கன குடியிருக்கிற தகவலைப் பக்கம் பக்கமாக் காலி பண்ணி வேற எடத்துக்கு மாத்திருவோம். கெர்னல்லயே அதுக்கு வழி இருக்கு. வேல நிக்காது. அப்புறம் அந்த எடத்துல யாரையும் குடிவைக்காது."

"நகலெடுக்கணும்னா அந்த எடத்தை முழுசா வாசிக்கணும். வாசிக்கும்போது ரெண்டாவது புள்ளி போயிருச்சுன்னா?"

"போச்சு."

"சும்மா விட்டா?" என்று கேட்டார் அக்கா.

"சும்மா விட்டாலும் வேல அதை வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்குக்கா. இன்னும் எத்தனை தடவை வாசிக்கும்னு தெரியாது."

எங்கள் இருவருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். முடிவு அக்காவுடையது. அணைக்கிற பேச்சை நிறுத்திவிட்டு அண்ணனும் அவரிடமே விட்டுவிட்டார்.

"மாத்து. ஆனா இந்தத் தடவை என்ன போடப்போறேன்னு வாயால சொல்லிட்டுப் போடு. அண்ணன் சரின்னதும் போடு."

அப்படியே செய்தோம். நான் முகவரியை இலக்கம் இலக்கமாக வாசிப்பேன். அண்ணன் பதிவோடு ஒப்பிட்டு "போடு" என்பார். அதற்கப்புறம்தான் என்டர் தட்டுவேன். முதல் பக்கம் போனது. மரபணு வேலையின் திரையில் எண் மாறாமல் நின்றது, பிறகு நகர்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. வரிசை முழுக்க இப்படியே போனது. ஒரே ஒரு பக்கம் மட்டும் அசைய மாட்டேன் என்றது. உள்ளே ஓடும் நிரல்களில் யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கெர்னல் சொன்னது. யார் என்று சொல்லவில்லை.

"விட்ரு," என்றார் அண்ணன்.

"இன்னொருக்க பாக்கட்டுமாண்ணே?"

"கொஞ்சம் பொறுத்துப் பாரு. மல்லுக்கட்டாத."

பொறுத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிழை வந்தது. திருத்தப்பட்டது. அக்கா என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த பிடியில் நாற்காலியே பின்னால் சாய்ந்தது. மறுபடி முகவரியை வாசித்தேன். அண்ணன் தலையை ஆட்டினார். "வாயால சொல்லுங்கண்ணே," என்றார் அக்கா. "போடு," என்றார் அண்ணன். இந்த முறை பிடித்திருந்தவர் விட்டிருந்தார். பக்கம் நகர்ந்தது.

அதற்குப் பிறகு அந்த அக்கம்பக்கத்திலிருந்து சிவப்பு வரவே இல்லை.

அண்ணன் வெளியே போய் மதுரைக்குப் போன் போட்டு என்னென்னவோ பொய் சொன்னார். பாம்பன் பக்கம் போக்குவரத்து நெரிசல் என்பதும் அதில் ஒன்று. மதுரைக்காரர்களுக்குப் பாம்பன் எங்கள் கூடத்தைத் தாண்டி இருக்கிறது என்று தெரியாது போலிருக்கிறது. வெயில் சாய்ந்தபோது வட்டில் முதல் எழுத்துகள் விழுந்தன. கோப்பு வளர்ந்தது. வளர்ந்து நின்றது. எந்தச் செடியிலும் இருந்தே தீர வேண்டிய மரபணுக்களை அக்கா அதில் தேடினார். ஒன்றொன்றாகக் கிடைத்துக்கொண்டே வந்தன. பாதியிலேயே நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மிச்சத்த வீட்ல பாத்துக்கிறேன்."

எங்கள் கையடக்க வட்டுக்கு நகலெடுத்து, நகலும் மூலமும் ஒன்றுதானா என்று சரிபார்த்தேன். ஒன்றுதான்.

"இப்பயாவது அணைக்கலாமாம்மா?" என்றார் அண்ணன், பணிவாக.

"இருங்க." அக்கா அந்த வட்டைக் கழற்றி, சாப்பாட்டுப் பையில் போட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தார். வேனையும் தாண்டி, சாலையோரம் போய் நின்றுகொண்டார்.

"ம்," என்று கத்தினார் அங்கிருந்து. "இப்ப என்ன வேணும்னாலும் போடுங்க!"