பதினோரு எழுத்து, ஐந்து பகல்

ஐப்பசி இரண்டாம் சனிக்கிழமை, காலை எட்டு இருபது. என் நோட்டில் அந்த நேரத்துக்கு எதிரே 'மறைந்தார்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அவருடைய மகள்தான் போனில் சொன்னாள். சொல்லி முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"ஆன்ட்டி, அப்பா அஞ்சு நாளா அனுப்பினாரே, உங்களுக்கு வந்துச்சா?"

"பாத்துக்கிட்டிருக்கேம்மா" என்றேன். அதற்குள் நான்கு முறை பார்த்திருந்தேன். எதுவும் வந்திருக்கவில்லை.

அவரை நான் நேரில் கண்டதில்லை. மேற்கு மலையில் ஒரு சின்ன ஊர்க்காரர். நான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகள் வானொலியில், மோர்ஸ் சாவியைத் தட்டித் தட்டியே பேசியிருக்கிறோம். எந்தப் பேச்சானாலும் வானிலையில்தான் ஆரம்பிக்கும். அவர் மலையைச் சொல்வார், நான் ஏரியைச் சொல்வேன், பிறகுதான் மற்றதெல்லாம். தொண்டையில் அறுவை செய்து அவர் குரல் போனபோது எங்களுக்குள் ஒன்றும் மாறவில்லை. சாவிக்குக் குரல் எதற்கு? பிறகு கை நடுங்கத் தொடங்கியது. அதுதான் பேச்சை நிறுத்தியது.

கடைசியாக அவர் பிடித்துக்கொண்டது மிகத் தாழ்ந்த அலைவரிசை. நொடிக்கு எட்டாயிரத்துச் சொச்சம் அதிர்வு. காதுக்கே எட்டுகிற எண்ணிக்கை. அந்த அலைக்கு ஒழுங்கான ஆன்டெனா கட்டவேண்டுமென்றால் மலையையே கம்பியால் சுற்றவேண்டும். அவரிடம் இருந்தது இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கட்டிய ஒரு கம்பி. அதிலிருந்து புறப்படும் சக்தி மின்மினிப் பூச்சிக்கும் போதாது. அதனால் மெல்ல அனுப்பவேண்டும். ஒரு துளிச் செய்தியை இருபது நொடி பிடித்து நிறுத்தி, பிறகு அடுத்த துளி. பதினோரு எழுத்து போய்ச் சேர நான்கு மணி நேரம். அதையே ஐந்து நாள் திரும்ப அனுப்பி, வாங்குகிறவர் ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், செய்தி மட்டும் தடிக்கும். 'திங்கள் முதல் வெள்ளி. காலை பத்து மணி. பதினோரு எழுத்து, இடைவெளியும் சேர்த்து' என்று போனில் எழுதி அனுப்பியிருந்தார். என்ன செய்தி என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் அது வாங்கியதாகாது. இப்போது அவருடைய கணினியின் கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. அந்தப் பதினோரு எழுத்து மிச்சமிருந்தால் என்னிடம்தான் மிச்சமிருக்கவேண்டும்.

அடுக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஐந்து பதிவிலும், கணினி ஒலியை நறுக்கி எடுக்கும் ஒவ்வொரு மாதிரித் துளியும் எந்தக் கணத்தில் எடுக்கப்பட்டது என்று தெரிந்திருக்கவேண்டும். கணினியின் ஒலி அட்டைக்குள் நேரம் காக்கும் படிகம் வெயிலேற ஏற மெல்லப் பிசகும். நான்கு மணி நேரத்தில் அந்தப் பிசகே செய்தியைத் தின்றுவிடும். அதனால் இரண்டு தடங்களில் பதிவு செய்தேன். இடது தடத்தில் ஆன்டெனா. வலது தடத்தில், ஜிபிஎஸ் கருவி நொடிக்கொரு முறை தரும் துடிப்பு. அட்டை எப்படிப் பிசகினாலும், இரு துடிப்புக்கு நடுவே எத்தனை மாதிரி விழுந்தது என்று எண்ணிச் சரிசெய்துவிடலாம்.

வீட்டில் வைத்துக் கேட்க வழியில்லை. மின்கம்பி இரைச்சலும் ஐஸ் பேக்டரி மோட்டாரும் எல்லாவற்றையும் மூடிவிடும். கோட்டைக்குப்பத்துக்குப் பின்னால் ஏரி முழங்கால் ஆழம் இருக்கும் இடத்தில் ஒரு சவுக்குக் கம்பு நட்டு, அதில் கம்பியை ஏற்றி, கரையிலிருந்த வலைக் கொட்டகைக்குள் ஒரு பேட்டரியோடு கணினியை வைத்தேன்.

புதன்கிழமை பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் இடது தடம் செத்து வெறும் கோடாகிவிட்டது. வெளியே எட்டிப் பார்த்தால் ஒருவர் என் கம்பைப் பிடுங்கித் தோளில் வைத்திருக்கிறார். புடவையோடு தண்ணீரில் இறங்கி ஓடினேன்.

"எக்கா, இது இன்னா? யாரு நட்டது?"

"நான்தான்பா. அது ஆன்டெனா. நடு, நடு, சீக்கிரம் நடு."

"ஆன்டெனாவோ ஆண்டவரோ, தண்ணியில கம்பு நட்டா பாடு கேக்கறன்னு அர்த்தம். இன்னிக்கு இது என் பாடு. ஒனக்கு இந்த ஊர்ல தலைக்கட்டு கீதா?"

அவர் சொன்னது நியாயம். ஏரியில் இன்ன நாள் இன்ன இடம் இன்ன தலைக்கட்டுக்கு, அதாவது இன்ன குடும்பத்துக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இதை நான் ஒரு நிமிடமும் நினைக்கவில்லை. அன்று அதை ஒப்புக்கொள்ளும் நிலையிலும் இல்லை. கத்தினேன். வாயில் வரக்கூடாததெல்லாம் வந்தது. அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"இன்னாதான் புடிக்கிற இதுல?"

"ஒருத்தர் சேதி."

"எறாவே ஏமாத்துது இந்தப் பக்கம், சேதி வருதாமா" என்று சொல்லி, கம்பைத் திரும்ப நட்டுவிட்டுப் போனார். அன்று பேட்டரியும் பாதியில் தீர்ந்தது. எப்போது தீர்ந்தது என்று நான் பார்க்கவில்லை.

மகள் போன் செய்த பிறகு ஒன்பது நாள் அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்து பதிவையும் அடுக்கினேன், பிரித்தேன், மறுபடி அடுக்கினேன். திரையில் வருவதெல்லாம் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல். ஒரு மனிதர் கடைசியாகச் சொன்ன சொல் என் பெட்டிக்குள் இருக்கிறது, என்னால் எடுக்க முடியவில்லை. அவர் எனக்குப் பதிலாக வேறு யாரையாவது நம்பியிருக்கலாம் என்று நோட்டில் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.

பத்தாம் நாள், அதே மீனவர் கொட்டகை வாசலில் வலை முடிந்துகொண்டிருந்தார்.

"அந்த சேதி வந்துச்சா எக்கா?"

"இல்லப்பா. சுத்தமாத்தான் வெச்சிருக்கேன். இடி மின்னல் சத்தம் விழுந்த எடத்தையெல்லாம் வெட்டிட்டு, நல்லதை மட்டும் ஒட்டி வெச்சிருக்கேன். அப்பவும் வரல."

"வெட்டிட்டு ஒட்டினியா?"

"ஆமா."

"அதெப்படி?" என்று ஊசியை நிறுத்தினார். "ஒருத்தன் வூட்ல சாவு, பாடு எடுக்க வர்ல. அந்த நாளைத் தூக்கிட்டு அடுத்தவனை முன்னாடி இஸ்தா, அவனுக்கப்புறம் கீறவன் நாளெல்லாம் மாறிப்பூடாது? வலை வுழலன்னாலும் அவன் நாள் அவன் நாளுதான். எடம் சும்மா கெடக்கணும்."

இடி விழுந்த இடத்தில் வெறுமையை வைத்திருக்கவேண்டும்; அதே நீளத்துக்கு, ஒரு மாதிரி கூடாமல் குறையாமல். நான் வெட்டி எறிந்து, பின்னால் வந்த ஒவ்வொரு துளியையும் அதன் நாளிலிருந்து முன்னே இழுத்துவிட்டிருந்தேன். மூலப் பதிவுகளும் இல்லை. கணினியில் இடம் போதாதென்று, மாலைதோறும் வெட்டி முடித்ததும் அழித்துவிட்டேன். சுத்தமாக இருப்பது என் வழக்கம். அன்று அந்த வழக்கத்தைப் போல் நான் வெறுத்தது வேறொன்றில்லை.

ஆனால் வெட்டின் இரு விளிம்பிலும் துடிப்பு இருந்தது. வெட்டுக்கு முன் வந்த துடிப்புக்கும் பின் வந்த துடிப்புக்கும் நடுவே இடைவெளி அரைகுறையாக நிற்கும். போனது எத்தனை நொடியானாலும், ஒரு நொடிக்குள் அடங்கும் மிச்சத்தை அந்த அரைகுறை சொல்லிவிடும். முழு நொடிகளைத் துடிப்பு சொல்லாது. அதற்கு நோட்டு இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் தொடக்க நொடி, முடிவு நொடி, காரணம் என்று எழுதியிருந்தேன். காரணத்தின் கீழ் பக்கம் பக்கமாக 'குப்பை', 'குப்பை', 'குப்பை'. மூன்று நாள் உட்கார்ந்து இருநூற்றுச் சொச்சம் ஓட்டைகளில் வெறுமையைத் திணித்தேன்.

ஒன்றே ஒன்று எழுதப்படவில்லை. புதன்கிழமை கம்பு தண்ணீரில் இல்லாத நேரம். அன்று கோபத்தில் வெட்டினேன், குறிக்கவில்லை. பேட்டரி தீர்ந்த நேரமும் தெரியாததால் கழித்துப் பார்க்க வழியில்லை. மற்ற நான்கு நாளை மட்டும் அடுக்கினேன். திரையில் மறுபடி குவியல்.

மீனவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி முற்றத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கம்பு எத்தனை நேரம்பா வெளிய இருந்துச்சு?"

"எனக்கின்னா தெரியும்? நீ திட்டி முடிக்கிற வரைக்கும்."

"நெனச்சுப் பாரு. எனக்கு அது வேணும்பா."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, எழுந்துவிட்டார். மூவரும் ஏரிக்குப் போனோம். அவர் அன்றுபோலவே கம்பைப் பிடுங்கினார். நான் கடிகாரத்தை அழுத்திவிட்டுக் கொட்டகையிலிருந்து ஓடினேன். இந்த முறை வாயில் வசவு வரவில்லை.

"திட்டுக்கா" என்று கரையிலிருந்து அவர் மனைவி கத்தினாள். "திட்டினாத்தான் கணக்கு வரும்! அன்னிக்கு இன்னாவோ பெருசா சொன்னியாமே, வூட்ல வந்து ஒண்ணு விடாம சொல்லிச்சு இது."

"அந்தக் கட்டையில போறவன்னு ஆரம்பிச்ச எக்கா" என்று அவர் எடுத்துக்கொடுத்தார். "அப்பதான் நான் பீடிய பத்த வெச்சேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைக் கட்டையில் போகிறவன் என்று தொடங்கினேன். அவர் ஒரு பீடியை இழுத்தார். அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கம்பு திரும்ப நின்றபோது ஆறு நிமிடம் நாற்பது நொடி.

அந்த எண்ணின் இரு பக்கமும் ஐந்தைந்து நொடியாக நகர்த்தி முயன்றேன். ஒவ்வொரு முயற்சிக்கும் கணினி கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. பதினேழாவது முயற்சி, ஏழு நிமிடம் இருபது நொடி. அன்று இன்னும் கொஞ்சம் கூடத்தான் திட்டியிருக்கிறேன். வியாழன், பிற்பகல் மூன்று ஐந்து. ஆங்கில எழுத்தில், இடைவெளியும் சேர்த்துப் பதினொன்று: இங்கே மழை.

மீனவரிடம் காட்டினேன்.

"அவ்ளோதானா? இதுக்கா என்னை அப்படித் திட்டின?"

"இதுக்குத்தான்."

மகளுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். "அஞ்சு நாளும் விடாம பேஞ்சுது ஆன்ட்டி. ஒரே இடி" என்றாள். வைத்துவிட்டாள்.

செய்தி வாங்கியதற்கு அத்தாட்சியாகத் தபால் அட்டை அனுப்புவது எங்கள் வானொலிக்காரர்கள் வழக்கம். மகளின் முகவரிக்கு எழுதினேன். நாள், நேரம், அலைவரிசை, மாதிரி வேகம். எங்கெங்கே வெட்டினேன், எத்தனை நொடி வெறுமை வைத்தேன் என்று இன்னொரு தாளில் முழுவதும் எழுதி இணைத்தேன். 'குப்பை' என்ற சொல்லை மட்டும் தாளில் எடுத்துவிட்டு 'இடி' என்று எழுதினேன். அதில் பாதியாவது அவர் மலையில் விழுந்ததாக இருக்கும்.

அட்டையின் அடியில் வாங்கியவர் ஊர் வானிலைக்கு ஒரு கட்டம் உண்டு. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, 'வெயில். வாடைக்காற்று. ஏரி அமைதி' என்று நிரப்பினேன்.