பின் சீட்டின் இடது பக்கம்

நம்புகிறவர்கள் நம்பட்டும். இது எனக்கே நடந்தது, அதுவும் பட்டப்பகலில். 1996-இல் கிள்ளானில், காருக்கு ரேடியோ, டிவி மாட்டும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அன்று காய்ச்சலோடு வந்திருந்தேன். கால் நீட்டிப் படுத்தால் போதும் என்றிருந்தது. பேயைப் பற்றி நினைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

பண்டமாரானிலிருந்து கனகேஸ்வரி அக்கா காரில் வந்தார். கூடவே அவர் கணவர் முத்துக்குமாரு. சிறுநீரகம் பழுதான மனிதர். டயாலிசிஸுக்குக் கோலாலம்பூர் போக வேண்டும். காரில் டிவி ஓடாவிட்டால் இறங்கிவிடுவாராம். துணைக்கு மார்க்கிரட் என்ற நர்ஸ் வந்து, அவருக்குப் பின்னால் இடது பக்கம் உட்கார ஆரம்பித்ததிலிருந்து படம் வருவதில்லையாம்.

"ரெண்டு தடவ போகல தம்பி. இன்னைக்கும் போகாட்டி உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அக்கா, அவர் கணவர், கூட வந்திருந்த மார்க்கிரட் மூவரையும் கடைக்குள் உட்காரவைத்துவிட்டுக் காருக்கு வந்தேன்.

அந்தக் காரின் பின் கண்ணாடியில் நான்கு ஏரியல்கள். பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி. எந்த ஏரியலில் சிக்னல் நன்றாக வருகிறதோ, அதை அந்தப் பெட்டி திரைக்கு அனுப்பும். கோளாறு எதில் என்று பார்க்க, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். சலிப்பான வேலை.

மூன்றை மாட்டிப் பார்த்தேன். திரை முழுக்கப் புள்ளி, இரைச்சல். அந்த மூன்றுக்கும் சிக்னலைக் கூட்டித் தரும் பூஸ்டர் செத்திருந்தது. நான்காவது, இடது பக்க ஏரியல்... படம் பளிச்சென்று வந்தது.

பின் சீட்டின் இடது பக்கம் ஏறி முட்டி போட்டேன். ஷ்ஷ்ஷ்... புள்ளி. இறங்கினேன். படம். மறுபடி ஏறினேன். புள்ளி. சீட்டு ஒயரை நசுக்குகிறது, வேறென்ன. அலுப்போடு சீட்டைத் தூக்கினேன்.

ஒயர் அறுந்து கிடந்தது. இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஆனால் திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது...

ஒரு முனையை எடுத்தேன். வரவில்லை.

இழுத்தேன். அந்தப் பக்கமும் இழுத்தது...

என் விரல்மேல் விரல். சின்னது. சில்லென்று.

விட்டுவிட்டேன்.

சீட்டை அப்படியே பொருத்தினேன். அந்த ஒயரைத் தொடவில்லை. புது பூஸ்டர் மாட்டியதும் மற்ற மூன்றும் உயிர்பெற்றன. படம் துல்லியம். மார்க்கிரட் பின்னால் இடது பக்கமே உட்கார, முத்துக்குமாரு முன்னால் ஏறினார். திரையைப் பார்த்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார். இறங்கிவிட்டார். அக்கா கெஞ்சியும் அசையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது. மற்ற மூன்று ஏரியலையும் கழற்றினேன். மார்க்கிரட்டை வலது பக்கம் உட்காரச் சொன்னேன். ஷ்ஷ்ஷ்... பிறகு படம் மெல்லத் தெளிந்தது. முத்துக்குமாரு தானாக ஏறிக்கொண்டார்.

அடுத்த வாரம் அக்கா வந்தார். டயாலிசிஸ் ஒரு தடவைகூடத் தவறவில்லை, கணவருக்கு உடம்பு தேறுகிறது என்றார். அந்த ஒயர் எப்படி அறுந்தது என்று கேட்டேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பந்திங் ரோட்டில் இதே காரின்மேல் லோரி மோதிய விபத்தாம். இடது பக்கம் இருந்தவள் மகள் மீனலோசனி. அந்த ஒயரின் இணைப்பு லூஸாக இருந்ததால், அப்பா படம் பார்க்கட்டும் என்று வழியெல்லாம் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வருவாளாம்.

"உயிர் போயும் கைய விடல தம்பி. ஒயர வெட்டித்தான் பிள்ளைய வெளிய எடுத்தாங்க."